கப்பல் வருமுன் விழுந்த விலை

வெலிமடையில் நான் கணக்கெழுதிய மரக்கறி மொத்தக் கடையில் கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்று இருந்தது. விடிந்ததும் கொழும்பு வியாபாரி அதில் விலை சொல்வார். முதலாளி அதைக் கரும்பலகையில் எழுதுவார். அதன்பிறகுதான் மூட்டைகள் தராசில் ஏறும். வரவுசெலவுத் திட்டம் வாசித்த மறுநாள் காலை அந்தத் தொலைபேசி அடிக்கவில்லை. காத்திருந்து பார்த்த முதலாளி, தாமே கொழும்புக்கு எடுத்துப் பேசினார். பேசி முடித்ததும் பலகையிலிருந்த முந்தைய நாள் விலையை உள்ளங்கையால் அழித்துவிட்டு, "கிழங்கு இன்னைக்கு வேணாமாம்" என்றார்.

எனக்கு உடனே என் அத்தையின் நினைவுதான் வந்தது. அப்பாவின் தங்கை. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தை அவர் வெறுத்ததைப் போல் வேறு யாரும் வெறுத்து நான் பார்த்ததில்லை. "பேர் கூப்பிட ஒருத்தன் நிக்காத காலை ஒன்னு எனக்கு வேணும்" என்பார். ஒருநாள் மாமாவையும் சம்மதிக்க வைத்து, இருவரும் வேலையை விட்டுத் தோட்டத்தில் பேர் வெட்டிக்கொண்டார்கள். கைக்கு வந்த சேமலாப நிதிப் பணத்தில் வெலிமடைக்கு அருகே நிலம் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டார்கள். அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது தோட்ட நிர்வாகம். அத்தை அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதல் இரண்டு போகமும் நன்றாகவே இருந்தன. மாமா புதுச் சாரம் கட்டிக்கொண்டு பதுளைக்குப் படம் பார்க்கப் போனார். அத்தை, வீடு கட்ட ஒரு துண்டு நிலத்துக்குப் பேசி வைத்திருந்தார்.

மூன்றாவது போகம் தோண்டுகிற பருவத்தில்தான் வெளிநாட்டுக் கிழங்கின் இறக்குமதி வரியை அந்த வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்கம் குறைத்தது. நகரத்து மக்களின் வாழ்க்கைச் செலவு கூடிவிட்டதென்று காரணம் சொன்னார்கள். அது பொய்யுமல்ல. கொழும்பில் கறிக்குக் கிழங்கு வாங்க முடியாமல் போனவர்களும் ஏழைகள்தான். ஆனால் அந்த ஒரு வரி வானொலியில் வாசிக்கப்பட்டபோது, வெலிமடை மண்ணுக்குள் கிடந்த கிழங்குக்கு என்ன ஆகுமென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தை முதல் மூட்டைகளோடு கடைக்கு வந்தார். முதலாளி சொன்ன விலை விதைக்கிழங்குக்குப் போட்ட காசுக்கே காணாது.

"கப்பல் வந்திருச்சுங்களா, முதலாளி?"

"இன்னும் வரலம்மா."

"அப்ப கொழும்புல இருக்கிறது நம்ம கிழங்குதானே? அதுக்கு ஏன் விலை விழுகணும்?"

"கப்பல் வரணும்னு இல்லம்மா. வரப்போகுதுன்னு தெரிஞ்சா போதும். அடுத்த மாசம் மலிவா கிடைக்கிறதை இன்னைக்கு யாரு காசு குடுத்து வாங்குவாங்க?"

முதலாளி கெட்டவரல்ல. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அத்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.  கொண்டுவந்ததை மட்டும் விற்றுவிட்டு, மீதியைத் தோண்டாமல் வைத்திருப்பதாகச் சொல்லிப் போனார். கப்பல் வரும்வரை விலை எப்படியும் ஏறுமென்று அவர் நம்பினார். மற்றவர்கள் அதற்கு நேர்மாறாகப் பயந்தார்கள். முற்றாத கிழங்கைக்கூட அவசரமாகத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். கடை வாசலில் லொறிகள் வரிசைகட்டின. விலை மேலும் விழுந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் தண்ணீர் நின்று, அத்தையின் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அந்த வாடை பஸ் ரோடு வரைக்கும் வந்தது. மாமா வரப்பில் குந்தி, அழுகலைக் கையால் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவரை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அவர்கள் தெமோதரைக்கே திரும்பினார்கள். பழைய காம்பரா இல்லை. தெரிந்த குடும்பமொன்றின் காம்பரா முன்திண்ணையில், இஸ்தோப்பில், தகரம் அடைத்து இருந்துகொண்டார்கள். நிரந்தரப் பதிவும் கிடைக்கவில்லை. ஆள் குறைகிற நாட்களில் மட்டும் வேலை, அன்றைக்கன்று கைக்காசு. மாமா அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

இன்று பத்திரிகையில் வரவுசெலவுத் திட்டத்துக்கு மறுநாள் 'சந்தை வரவேற்றது', 'சந்தை கவலை கொண்டது' என்றெல்லாம் எழுதுகிறார்கள், சந்தைக்கு மனசு ஒன்று இருப்பதைப் போல. நான் பார்த்த சந்தைக்குக் காது மட்டும்தான் இருந்தது.

அடுத்த தேர்தல் நெருங்கியபோது, உள்ளூர் விவசாயியைக் காப்பதாகச் சொல்லி அதே வரியை மறுபடி உயர்த்தினார்கள். சேதி கேட்ட மறுநாளே அத்தையிடம் சொல்லப் போனேன். நல்ல செய்தி என்றுதான் நினைத்தேன். பெரட்டுக்களத்தில், பதிவுள்ளவர்களின் பேரெல்லாம் கூப்பிட்டு முடியட்டுமென்று அவர் ஓரமாகக் காத்து நின்றார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"இப்ப யாருகிட்ட கிழங்கு இருக்கு, மருமகனே?"

"எங்க ஸ்டோருல இருக்கு, அத்தை. கப்பல்ல வந்த கிழங்கு, முதலாளி மலிவா வாங்கி வச்சது."

"அப்ப உங்க முதலாளிக்காகத்தான் வரியைக் கூட்டியிருக்காங்க."

கங்காணி வரச்சொல்லிக் கையசைத்தார். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அத்தை மலையேறினார். நான் வெலிமடைக்குப் பஸ் ஏறினேன். அன்று கிழங்கு விலை ஏறியிருந்தது; எங்கள் கடையில் மூட்டை ஏற்ற ஆள் போதவில்லை.