மசோதாவில் இல்லாத அடுப்பு

எழுபதுகளின் நடுவில், நான் சித்தூர் அரசுக் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது அந்த மசோதா வந்தது. எங்கள் ஊர் சித்தூருக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகிற பாதையில், எல்லைக்கு மலையாளப் பக்கம். அப்பாவும் சித்தப்பாவும் தமிழ் மட்டும் படித்தவர்கள். ஆகவே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தாலும், வரி நோட்டீஸோ வாய்க்கால் அறிவிப்போ, அது நேராக என் கைக்கு வந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா சித்தூரிலிருந்து வந்ததும் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார்.

"வக்கீல் ஊட்டுல குடுத்தாங்க அம்மிணி. புதுசா ஒரு சட்டம் கொண்டாரப் போறாங்களாமா. கூட்டுக் குடும்பம்னு ஒண்ணு இனிமேக் கெடையாதாமா. என்ன ஏதுன்னு தமிழ்ல எழுதிக் குடு, பாக்கலாம்."

சமையல்கட்டு வாசலில் சித்தி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றதைப் பார்த்தேன். மறுபடி ஆய ஆரம்பித்தபோது நாரோடு காயையும் சேர்த்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். நடுவில் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இரண்டு முறையும் அம்மாதான் அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, ஒரு மாதம் போல இடத்தைவிட்டு எழவிடாமல் பார்த்துக்கொண்டாள். சித்திக்குப் பிறந்த வீட்டில் தாய் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அண்ணன் மட்டும். அதனால் பிரசவத்துக்கும் அவள் எங்கள் வீட்டிலேயே இருப்பது என்றுதான் பேச்சு. ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்து பேசிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அம்மா குழம்பு கூட்டினால் உப்புப் பார்ப்பது சித்திதான். அம்மாவுக்குத் தன் நாக்கின் மேல் நம்பிக்கை கிடையாது.

அந்த மசோதாவை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆங்கிலத்தில் இருந்தது. பக்கங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் மூச்சு விடாமல் அரைப்பக்கம் ஓடியது. கடைசியில் ரத்தாகப் போகிற பழைய சட்டங்களின் பட்டியல் இருந்தது. கொச்சிக்கு வேறு, திருவிதாங்கூருக்கு வேறு, மலபாருக்கு வேறு என்று மூன்று நாட்டுச் சட்டங்கள். கல்லூரி நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'இப்போது', வலது பக்கம் 'இனி' என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது: முன்னோர் சொத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறந்த உடனேயே பங்கு. இனி: பிறப்பினால் யாருக்கும் பங்கு இல்லை. இப்போது: குடும்பச் சொத்து பிரிக்கும்வரை எல்லோருக்கும் பொது, இன்னாருக்கு இவ்வளவு என்று வரையறை கிடையாது. இனி: சட்டம் நடப்புக்கு வரும் நாளன்று, அன்றே பாகம் பிரித்ததுபோலக் கருதி, அவரவர் பங்கு அவரவருக்கு. அந்த நாள் எது என்று எழுதியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு முன்கூடத்தில் இதை வாசித்தேன். அப்பா, சித்தப்பா, அம்மா, சித்தி. என் ஒரே தம்பி அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வயலும் தென்னந்தோப்பும் அதுவரை பிரிக்கப்படாதவை. என் நோட்டுப்படி அந்த நாளன்று சித்தப்பாவுக்குப் பாதி, மீதிப் பாதியில் அப்பாவுக்கும் தம்பிக்கும் சரிசமம்.

அப்பா கேட்டார், "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்கப்பா."

"இதுக்கா இத்தன காயிதம்?" என்று சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சித்தியின் அண்ணன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கைக்கு ஒரு கூடை நார்த்தங்காய் கொண்டுவந்திருந்தார். ஆனால் பேருந்தில் யாரோ இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். கிணற்று மேட்டில் சித்தப்பாவோடு நின்று அவர் பேசியது, துணி துவைத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"மாப்ள, நல்லா யோசன பண்ணுங்க. உங்கண்ணன் பையன் பொறந்துட்டான், அவனுக்குப் பாத்தியம் இருக்குது. உங்க பையன் பொறக்கறதுக்குள்ள சட்டம் வந்துருச்சுன்னா அவனுக்கு ஒண்ணுமில்லீங்க. எங்க பக்கம் இந்தக் கூத்தெல்லாம் கெடையாது. பேசாமப் புள்ளைய எங்க ஊட்டுல பெத்துக்கட்டும். எல்லை தாண்டிட்டா எங்க பக்கத்துச் சட்டம்தான?"

"நெலம் இங்கதானுங்க இருக்குது, மச்சான்" என்றார் சித்தப்பா.

"அப்பச் சட்டம் வாரதுக்குள்ள பாகம் பிரிச்சு எழுதிக்குங்க. உங்கண்ணன் மனசு இன்னைக்கு இருக்கற மாதிரி நாளைக்கும் இருக்குமுன்னு யார் கண்டா?"

அன்றிலிருந்து சித்தப்பா அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவது நின்றது. வயலில் வேலை இருக்கிறது என்று பிந்தி வருவார். அப்பா தட்டின் முன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்ப்பார். பிறகு, "அவன் பொறகு வாரேன்னு சொன்னானா?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா தலையசைப்பாள். அப்பா சாப்பிடத் தொடங்குவார். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

நாலைந்து நாள் கழித்து, கொப்பரை காய்ந்துகொண்டிருந்த களத்தில் காக்கை விரட்ட நான் உட்கார்ந்திருந்தேன். சித்தி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த நோட்ட எடுத்தாந்து எனக்கு மட்டும் இன்னொருக்காப் படிக்கறியா கண்ணு?"

படித்தேன். முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அடுப்பப் பத்தி எதுல வருது?"

எனக்குப் புரியவில்லை.

"கூட்டுக் குடும்பம் இல்லீன்னா அடுப்பு ரெண்டாயிருமல்லோ. அக்கா ஒரு பக்கம், நா ஒரு பக்கம். இந்த வயித்த வெச்சுக்கிட்டு, பச்சக் கொழந்தையோட, நா மட்டும் தனியா..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இத்தனை நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது வயலும் இல்லை, தோப்பும் இல்லை.

"அடுப்பப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லீங்க சித்தி. சமையல்கட்டுங்கற வார்த்தையே இல்லை. சத்தியமாங்க."

அவள் என் கையிலிருந்த நோட்டையே பார்த்தாள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நான் பொய் சொல்லவில்லை என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கேட்டாள்:

"பொறக்கறது பொண்ணா இருந்தா? அதுக்கு என்ன எழுதியிருக்குது?"

நான் இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதியவள் நான். நானும் ஒரு பெண். அந்தக் கேள்வி எனக்கே தோன்றியிருக்கவில்லை. முன்கூடத்தில் கேட்டவர்களிலும் யாருக்கும் தோன்றவில்லை.

"பொண்ணுக்கு இப்பவும் பொறந்த ஒடனே பங்கு கெடையாதுங்க. இனிமேலும் கெடையாது. ஆனா இனிமே பையனுக்கும் கெடையாது. அப்பன் காலத்துக்கப்பறம் அப்பன் பங்கு, பையன் பொண்ணுன்னு பாக்காம எல்லாத்துக்கும் சமமா வரும். அது இருவது வருசத்துக்கு முந்தியே டெல்லிச் சட்டத்துல வந்துருச்சு. பையனுக்குன்னு தனியா இருந்ததை மட்டும் இது எடுக்குது."

"அப்பப் பையனும் பொண்ணு மாதிரி ஆயிடறான்" என்றாள் சித்தி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்ததில் கொப்பரைக்கு வந்த காக்கை பறந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் சித்தப்பாவிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. மறுநாள் காலையில் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "வக்கீல்கிட்டப் போலாம் வா அம்மிணி. நோட்ட எடுத்துக்க."

பேருந்தில் சித்தூர் போனோம். வக்கீல் வயதானவர், தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார். நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இது இப்பவும் பில்லுதான். சபையில் பாஸாகணும், பின்னே டெல்லிக்குப் போகணும், பின்னே ஒரு தேதி சொல்லணும். அதுக்குள்ளே இதில் எத்தனையோ மாறும். வயித்தில் இருக்கிற குழந்தையைப் பத்திப் பயமோ? பங்கு விஷயத்தில் அதுவும் பிறந்த குழந்தை போலத்தான், உயிரோடே பிறந்தால் போதும்."

சித்தப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அதில்லீங்க. ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்குதுங்களா? அண்ணனும் தம்பியும் ஒரே ஊட்டுல?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சட்டம் பங்கைத்தான் பிரிக்கும். யார் யாரோட உட்கார்ந்து சோறுண்ணணும் என்று சொல்ல எந்த சர்க்காருக்கும் கழியாது, முடியாது."

வெளியே வந்ததும் சித்தப்பா வேகமாக நடந்தார். கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் நுழைந்து, ஆஸ்பத்திரிக்கு வெந்நீர் கொண்டுபோக ஒரு பிளாஸ்க் கேட்டார். நாலு பிளாஸ்கைத் திறந்து, ஒவ்வொன்றின் வாயையும் காதில் வைத்து இரைச்சல் கேட்கிறதா என்று பார்த்து, சிவப்புப் பூப்போட்ட ஒன்றை எடுத்தார். வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தார்.

அப்பா முன்கூடத்தில் இருந்தார். சித்தப்பா அவர் முன் போய் நின்றார்.

"அண்ணா, நா ஒரு வாரமாச் சரியில்லீங்க."

"தெரியுது" என்றார் அப்பா. "பாகம் வேணுமுன்னா நாளைக்கே எழுதிக்கலாம். எனக்கு ஒரு வருத்தமுமில்ல. நீ சாப்பிட வராம இருந்ததுதான்..." என்று நிறுத்திவிட்டார்.

இந்த மாதிரிப் பேச்சுகளில் வாயே திறக்காத அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "பங்கு நீங்க போட்டுக்குங்க, எழுதிக்குங்க. அவ பெத்து எந்திரிச்சு, கொழந்தைக்குத் தல நிக்கற வரைக்கும் அவ எங்கூடத்தான் இருப்பா. அதையும் ஒரு காயிதத்துல எழுதோணும்னா எழுதிக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு தட்டு வைத்தாள். சித்தப்பா உட்கார்ந்தார்.

சித்திக்குத் தாலுகா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது சித்தப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய மனிதர். என்ன குழந்தை என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. நான்தான் கேட்டுச் சொன்னேன். மறுநாள் சித்தியின் அண்ணன் வந்தார். குழந்தையை வெகுநேரம் பார்த்தார். பாகம், பாத்தியம் என்று எதுவும் பேசவில்லை. "எங்கம்மா மூக்கு" என்று மட்டும் சொல்லி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதும் மசோதா சட்டமாகவில்லை. அது நடப்புக்கு வந்தபோது குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்று காலை பத்திரிகையைப் பார்த்து அப்பாவிடம் சொன்னேன், "இன்னையிலருந்து உங்க பங்கு தனி, சித்தப்பா பங்கு தனிங்கப்பா."

"சரி" என்றார். சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு வாய்க்கால் மடை திறக்கப் போனார். அன்று எங்கள் முறைத் தண்ணீர்.

அதற்குச் சில வருஷம் கழித்து, தம்பி படிப்பு முடித்து வந்த பிறகு, பத்திரம் எழுதிப் பிரித்துக்கொண்டார்கள். தோப்பில் எந்தப் பக்கம் யாருக்கு என்பதில் ஒரு நாள் சத்தம்கூட வந்தது, மூன்றாம் நாள் அடங்கியது. கிணறு இன்றும் பொது. சித்தப்பா புதிதாக ஒரு வீடு கட்டினார், நூறடி தள்ளி. சித்திக்கு அதன்பிறகு வேறு குழந்தை பிறக்கவில்லை. அந்தப் பெண்தான் இப்போது அவர்கள் பங்கு வயலைப் பார்த்துக்கொள்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, நாற்றங்காலில் முழங்கால் சேற்றோடு நின்றுகொண்டு, "அக்கா, கரையிலயே நின்னுக்குங்க, வழுக்கும்" என்று என்னை அதட்டினாள்.