பெயருக்கு முன்னால் நான் போட்ட ‘மர்ஹூம்’

போன வருடம் நோன்பு பிறக்க ஒரு மாதம் இருக்கும்போது, கல்முனையில், எங்கள் பழைய பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆண்டு விழாவில் நடந்தது இது. விழா என்றால் மலர் வெளியிடாமல் விடுவார்களா? மலர் என்றால் முன்னால் வாழ்த்துச் செய்திகள், நடுவில் படங்கள், கடைசியில் ‘எம் கல்லூரி தந்த பெருமக்கள்’ என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் வேலை என் தலையில் விழுந்தது. திறமை கண்டு தந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். குழுவில் இருந்த ஐந்து பேரில் தமிழில் டைப் பண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் அந்தக் கல்லூரியில் படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே படித்தவர்களில் டாக்டர்மார், நீதிபதி, பேராசிரியர், வெளிநாட்டில் பெரிய உத்தியோகத்தில் உள்ளவர்கள் என்று நிறையப் பேர். கேட்கும் முன்பே படமும் பட்டமும் அனுப்பினார்கள். ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நாலு தரம் ஃபோன் எடுத்தார்.

படிப்பித்தவர்களின் பட்டியல்தான் சிக்கல். காலமானவர்களின் பெயருக்கு முன்னால், முஸ்லிம்கள் என்றால் ‘மர்ஹூம்’ என்றும் இந்துக்கள் என்றால் ‘அமரர்’ என்றும் போட வேண்டும். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிய வேண்டுமே. எனக்குக் கணிதம் படிப்பித்த விரிவுரையாளரின் பெயருக்கு வந்தபோது குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘வபாத்தாகி நாலைந்து வருசம் இரிக்கும்’ என்று ஒருவர் போட்டார். இரண்டு பேர் கையேந்தும் படம் போட்டார்கள். ‘ஜனாஸாவுக்கும் போன நான்’ என்று எழுதினார் இன்னொருவர். யாருடைய ஜனாஸா அடக்கத்துக்குப் போனாரோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

அந்தக் கணித சேரின் நம்பர் என் ஃபோனில் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை. ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை, ஏனென்றால் எனக்குக் கூச்சம்.

சுனாமியில் எங்கள் வீடு போனபோது என் சான்றிதழ்களும் போயின. கல்லூரி ஆபீஸிலும் கடல் புகுந்து கோப்புகள் எல்லாம் கூழாகிக் கிடந்தன. எங்கள் வகுப்பில் யார் என்ன புள்ளி எடுத்தார் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. சேரின் ஊர் இறக்காமம். அங்கே கடல் போகவில்லை. தான் படிப்பித்த ஒவ்வொரு வகுப்பின் புள்ளிகளையும் சொந்தக் கொப்பியில் கைப்பட எழுதி வைக்கிற மனிதர் அவர். அதைப் பார்த்து எங்கள் வகுப்பு முழுவதுக்கும் பெயர் பெயராக எழுதி, மேலிடத்துக்கு அலையாய் அலைந்து கடிதம் எடுத்துத் தந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் எனக்கு நியமனம் கிடைத்தது. ‘வேல கிடைச்சதும் வீட்ட வாறன் சேர்’ என்று சொன்னேன். சொல்லி இருபது வருடம். கல்முனையிலிருந்து இறக்காமம் என்ன லண்டனா?

அவர் உயிரோடு இருந்து ஃபோனைத் தூக்கினால் என்ன சொல்வது? அவர் மவுத்தாகி இருப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. ‘மர்ஹூம்’ என்று டைப் பண்ணினேன். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. குர்ஆன் கிராஅத் முடிந்ததும் மறைந்த ஆசிரியர்களுக்காக துஆப் பிரார்த்தனை. மௌலவி மலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். எல்லோரும் கையேந்தி இருந்தார்கள். நான் மேடைப் பக்கத்தில் நின்று சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது எட்டாவது வரிசையில், வெள்ளைச் சாரனும் முழுக்கைச் சட்டையுமாக, மெலிந்த ஒரு வயசாளி. மடியில் மலர் விரித்தபடி கிடந்தது. சேரின் பெயரை மௌலவி வாசித்தபோது அந்த மனிதர் மலரைக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாக இரண்டு கையையும் ஏந்தினார். சபையோடு சேர்ந்து ஆமீன் சொன்னார்.

அது சேர்தான்.

தன்னுடைய மக்ஃபிரத்துக்கு, மறுமை மன்னிப்புக்கு, தானே ஆமீன் சொன்ன மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஓடிப்போய்க் காலில் விழுந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. மேடையில் பிரதம அதிதிக்குப் பொன்னாடை கொடுக்க வேண்டும் என்று விழாக் குழுத் தலைவர் கையைக் காட்டினார். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பிரதம அதிதியும் சேரிடம் படித்தவர்தான். திரும்பிப் பார்த்தபோது அந்தக் கதிரை காலியாக இருந்தது. சாப்பாட்டுக்கும் நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் கணவரின் மோட்டார் சைக்கிளில் இறக்காமம் போனேன், இருபது வருடத்துக்குப் பிறகு. முந்தின நாள் யானை வந்து வேலியைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. சேர் முறிந்த கம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார். வகுப்பில் நான் இருந்த வாங்கு எது, கடைசிச் சோதனையில் எடுத்த புள்ளி எத்தனை என்பதுவரை சொன்னார்.

அழைப்பு யார் தந்தது என்று கேட்டேன். நான் கேட்ட கேள்வி எப்படிப்பட்டது பாருங்கள். மவுத்தானவருக்கு யார் அழைப்பு அனுப்புவது? அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் விழா போஸ்டரைக் கண்டு, படித்த பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், பார்த்துவிட்டு வரலாம் என்று தானாக வந்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி.

சேரின் மனைவி, மாமி, தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை என் முன்னால் டொக்கென்று வைத்தார்.

“புள்ள, ஒரு விசயம் கேக்கணும். நான் இப்ப இத்தா இரிக்கணுமா, இல்லாட்டி போன வருசமே முடிஞ்சிட்டா?”

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டில் இருப்பதுதான் இத்தா. சேர்தான் மாமியைச் சமாதானம் பண்ணினார். ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.

“ஊருக்குள்ள வாற யானைக்கு மட்டும்தான், மகள், நான் இரிக்கன் எண்டு தெரியும்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். “பெருநாளைக்கு மூணு பேர் எனக்கு கோல் எடுப்பாங்க. வெளிநாட்டில இரிக்கிற புள்ளயள். மலர பார்த்தாங்க எண்டா இனி எடுக்கமாட்டாங்க. ஒரு துண்டுக் கடதாசியில திருத்தம் அடிச்சு அந்த இடத்துல ஒட்டுங்க. வேற ஒண்டும் வாணாம்.”

ஓம் சேர் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைவர் சம்மதிக்கவில்லை. மலர் எல்லாருக்கும் போய்விட்டது, பிரதம அதிதி கையாலேயே வெளியிட்டது, அதில் பிழை என்று நாமே ஊருக்குச் சொல்வதா என்றார். சேர் தங்கமான மனிதர், கோவிக்கமாட்டார், அடுத்த மலரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனிதர்களுக்குச் செய்கிற அநியாயத்துக்கு எப்போதும் இதுதான் நியாயம், அவர்கள் கோவிக்கமாட்டார்கள்.

தலைவரைக் குறை சொல்லி நான் தப்ப முடியாது. பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுமத்தில் ‘சேர் உயிரோடு இருக்கிறார், பிழை என்னுடையது’ என்று ஒரு வரி போட எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் அழித்தேன். அத்தனை பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்தில், ஒரு கணித டீச்சருக்கு ஆள் இருக்கா இல்லையா என்று விசாரிக்கத் தெரியாதா என்று கேட்பார்களே. என் மானம் பெரிதாகப் போய்விட்டது.

நோன்புப் பெருநாள் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு சேருக்கு ஃபோன் எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். மற்ற மூன்று பேரும் எடுத்தார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

“நீங்க மட்டும்தான், மகள். அந்தத் துண்டு ஒட்டினீங்களா?”

“ஒட்டுறம் சேர்” என்றேன். இதுதான் அவரோடு நான் கடைசியாகக் கதைத்த கதை. அதுவும் பொய்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில், இறக்காமத்திலிருந்து ஜனாஸா அறிவித்தல் குழுமத்துக்கு வந்தது. சேரின் பெயர், ஊர், நல்லடக்கம் செய்யும் நேரம் எல்லாம் சரியாக இருந்தது. கீழே ஒருவர் எழுதினார், ‘இவர் எப்பவோ வபாத்தானவர், மலரிலும் இரிக்கி.’ அடுத்தவர் எழுதினார், ‘பழைய மெசேஜ், தயவுசெய்து பகிர வேண்டாம்.’ அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

அப்போதுதான் நான் எழுதினேன். இது உண்மை, இன்றுதான் வபாத்தானார், மலரில் உள்ளது என் பிழை என்று. சிலர் கையேந்தும் படம் போட்டார்கள். ஒருவராவது வருகிறேன் என்று சொல்லவில்லை. ஊர்க்காரர்களும் வயல்காரர்களும்தான் சேரைச் சுமந்துகொண்டு போனார்கள். அவர் புள்ளி எழுதி எழுதி ஆளாக்கிய ஒரு டாக்டரோ ஒரு நீதிபதியோ அந்த வீதியில் இல்லை. நான் பெண்களோடு உள்ளே இருந்தேன். மாமி என்னைக் கண்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் தலைவர் ஃபோன் எடுத்தார். கவலை தெரிவித்தார், நல்ல மனிதர் என்றார். வைக்கும் முன், என் மனதை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

“இனி அந்தத் திருத்தம் அடிக்கத் தேவல்ல டீச்சர். மலர் இப்ப சரிதானே.”

அந்த மலரில் ஒரு பிரதி என் அலுமாரியில் இருக்கிறது. ‘மர்ஹூம்’ என்ற சொல்லின் மேல் நானே எழுதிய ஒரு துண்டை ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்க யாரும் இல்லாத காலத்தில். மற்றவர்கள் அறியாமல் செய்தார்கள். நான் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருடைய நம்பர் அன்றைக்கும் என் ஃபோனில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.