ஒற்றை ஊசிக்காரர்கள்

தம்பி பிறந்த வருஷம் மெட்ராஸில் வெயில் கொளுத்தியது. ஆனாலும் கைக்குழந்தையின் தலையில் உல்லன் தொப்பி இருந்தே ஆகவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைப் பின்னும் பொறுப்பு அத்தையிடம் வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கும்பகோணம் போனவள், கொஞ்ச காலத்திலேயே டிரங்குப் பெட்டியோடு மயிலாப்பூருக்குத் திரும்பிவிட்டாள். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, பேசியதே குறைவு. அப்பாவின் சிநேகிதர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தால், பின்னலைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

அவளுக்குத் தெரிந்தது குரோஷா. நுனியில் கொக்கி வைத்த ஒரே ஓர் ஊசி. அதைக் கொண்டு எங்கள் வீட்டு ரேடியோவுக்குக்கூடச் சட்டை மாட்டியிருந்தாள். தொப்பிக்கு வெள்ளை உல்லன் கையிலிருந்தது. ஓரம் கட்டக் கொஞ்சம் பச்சை வேண்டும்.

தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் ஓர் உல்லன் கடை இருந்தது. அத்தையைத் தனியே அனுப்பக் கூடாது என்று, மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். ரோடு கடக்கும்போது காவலாளியின் கையை அத்தைதான் பிடித்துக்கொள்வாள்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. கடையின் நடுவில், மின்விசிறிக்கு நேர்கீழே, இரண்டு நீள பெஞ்சுகள். சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே பெண்கள் உட்கார்ந்து, இரண்டு ஊசிகள் டிக்டிக்கென்று மோத ஸ்வெட்டர் பின்னுவார்கள். டெல்லி மாப்பிள்ளைக்கு, அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு. டெல்லியிலேயே பல வருஷம் இருந்துவிட்டு வந்த மாமி ஒருத்தர் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். அண்ணாச்சி காபி வரவழைத்துக் கொடுப்பார்.

"பச்சை உல்லன் ஒரு உருண்டை வேணும்" என்றாள் அத்தை.

"ஒத்தை உருண்டையில என்ன ஸ்வெட்டரும்மா போடப் போறீங்க?"

"ஸ்வெட்டர் இல்லை. குரோஷா."

அண்ணாச்சியின் முகத்திலிருந்த வரவேற்பு வடிந்துவிட்டது. "குரோஷாவுக்கு நூல்கண்டு போதும்மா, பஜார்ல எங்கயும் கிடைக்கும். ஒரு உருண்டைக்காகப் பாக்கெட்டைப் பிரிச்சா மிச்சத்தை யார் தலையில கட்டுதது?"

அத்தைக்கு வெயிலில் நடந்துவந்த களைப்பு. பெஞ்சின் ஓரத்தில் உட்காரப் போனாள்.

"எம்மா, அது ஸ்வெட்டர் பின்னுதவங்க உக்காருத இடம்."

ஊசிச் சத்தம் சட்டென்று நின்றது. நான் வீட்டுக்குப் போகலாம் என்று அவள் புடவையை இழுத்தேன். அத்தை கடையைவிட்டு இறங்கினாள்; ஆனால் சந்தில் இறங்கவில்லை. வாசல் படியிலேயே நின்று, பையிலிருந்து ஊசியையும் வெள்ளை உல்லனையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நின்றுகொண்டே பின்னினாள்.

அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒவ்வொரு தடவையும் பச்சை கேட்பாள், அவர் இல்லை என்பார், அவள் படியில் நிற்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. தெருவைப் பார்ப்பதுபோல் முதுகைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், கடைக்குள் போய் வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"இன்னாம்மா, நின்னுக்கினே போட்டுனு கீறே?"

"உக்கார விடமாட்டேங்கறா. குரோஷாவாம்."

"எனக்கும் அதேதான் சொல்றாரு." அவளும் இடுப்புப் பையிலிருந்து ஒரு குரோஷா ஊசியை உருவி, படியில் அத்தைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அடுத்த வாரம் சாந்தோமிலிருந்து ஒரு டைப்பிஸ்ட் அக்காவும் சேர்ந்துகொண்டாள். படி நிறைந்துவிட்டது. உள்ளே வருகிறவர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது.

அன்றைக்கு அத்தை கல்லாவுக்குக் கீழே கிடந்த சாக்கைப் பார்த்துவிட்டாள். "அந்த மூட்டையில என்ன?"

"ஸ்வெட்டர் போட்டு மிஞ்சினது. ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள், ஜோடி சேராது. எலி கடிக்கத்தான் கிடக்கு."

"ஜோடி எதுக்கு? ஒவ்வொண்ணா இருந்தாலே எங்களுக்குப் போறும். தாங்கோ, நாங்க வாங்கிக்கறோம்."

அண்ணாச்சி சாக்கைக் கொட்டினார். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பொறுக்கினார்கள். பச்சை கிடைத்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாரானேன். அத்தையோ வெளியே வந்து மறுபடியும் படியில் நின்றாள். மற்ற இருவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நின்றார்கள்.

"அதான் கேட்டது கிடைச்சுட்டுல்லா!" அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார். "இன்னும் ஏம்மா வாசலை மறைச்சிக்கிட்டு? உள்ள வந்தாவது நில்லுங்க."

"உள்ள வந்தா உக்காருவோம்" என்றாள் அத்தை. கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"யாரு வேண்டாம்னா?"

"நீங்கதான் வேண்டாம்னேள்."

டெல்லி மாமி பெஞ்சிலிருந்த தன் கூடையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "வாங்கோ, இடம் இருக்கு" என்றார். அத்தை உள்ளே போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற இருவரும். அண்ணாச்சி பையனைக் கூப்பிட்டுக் காபி கூடுதலாகச் சொல்லியனுப்பினார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அந்த பெஞ்சில் நான் பார்த்த அத்தை வேறு ஆள். டெல்லி மாமியோடு வாதாடுவாள். ஆயாம்மா சொல்லும் ஆஸ்பத்திரிக் கதைகளுக்கு வாய்விட்டுச் சிரிப்பாள். அங்கே எல்லாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி தொப்பி போடும் பருவத்தைத் தாண்டி ஓட ஆரம்பித்த பிறகும் நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அப்பாவுக்குத் தங்கைமேல் கரிசனம் பொங்கியது.

"எதுக்கு இந்த வெயில்ல பஸ் ஏறி அலையறே? என்ன கலர்னு சொல்லு. ஆபீஸ்லேர்ந்து வரச்சே நானே வாங்கிண்டு வந்துடறேன். நீ ஆத்துலயே நிம்மதியா உக்காந்து பின்னு."

அத்தை பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. அப்பா சொல்லி அவள் எதையும் மறுத்து நான் பார்த்ததில்லை.

"வேண்டாம்ண்ணா. நானே போயிக்கறேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவர் இலையில் மோர் ஊற்றினாள். எனக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அப்பாவுக்குக் கரும்பச்சைக்கும் இளம்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பாவம், அத்தையால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.