பன்னிரண்டு தாளும் ஒரே ஆணியில்

நாற்பது வயது வரைக்கும் ஒரு காலண்டரின் பன்னிரண்டு தாளையும் ஒரே வீட்டில் இருந்து புரட்டியவள் இல்லை நான். ஜனவரியை ஓர் ஊரில் பார்த்திருப்பேன், மழைக்காலத்தை இன்னோர் ஊரில். டிசம்பர் தாளில் என்ன படம் போட்டிருந்தார்கள் என்பது எனக்கு எந்த வருஷமும் தெரிந்ததில்லை.

ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றது. திருப்பூரில் பனியன் மடித்தேன். தாராவியில் இட்லிக்கு மாவு அரைத்தேன். தவுண்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் எட்டு மாதம் பாத்திரம் கழுவினேன். படுக்க இடம் கிடைத்த ஊரில் கூரைக்கடியில் படுத்தேன், கிடைக்காத ஊரில் பிளாட்பாரத்தில் படுத்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கடைசியாகப் புனே பக்கம் சாகணில் ஒரு கம்பெனி கேண்டீனில் சப்பாத்தி போடும் வேலைக்கு வந்தேன். அங்கே தினமும் கடைசி ஆளாகச் சாப்பிட வருகிற ஒருவர் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். லேத் மெஷினில் வேலை. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருக்குமே வயது ஏறியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.

அவர் புனேயில், கட்கியில் பிறந்தவர். அவருடைய அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். ரயில் பாதைக்குப் பின்னால் இரண்டு அறை, தகரக் கூரை, பின்பக்கம் நாலடி அகலத்துக்கு மண். அந்த வீட்டை விட்டு அவர் எங்கும் போனதில்லை. நான் எந்த வீட்டிலும் நின்றதில்லை. அப்படித்தான் சேர்ந்தோம்.

ஜனவரி பிறந்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். பால்காரர் கொடுத்த பழைய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். வேலை, மாதம், முடிந்தது, பாக்கி என்று நான்கு கட்டம். கம்பெனிச் சுவரில் தொங்குகிற உற்பத்திப் பலகையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கதவுக் கீலுக்கு எண்ணெய், தண்ணீர் டிரம்முக்கு மூடி, மழைக்கு முன்னால் அடுப்படிக் கூரைக்குத் தார் ஷீட், வெயிலில் வடகம், எலுமிச்சைச் செடிக்கு எரு. எழுதி முடித்ததும் புதுக் காலண்டருக்குப் பக்கத்தில் அதே ஆணியில் குத்திவிடுவார். இந்தியில் படித்தவர், பட்டியலும் இந்தியில்தான். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்த இந்தி எழுத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவை பஸ் போர்டுகள். அதனால் அவருடைய பட்டியலை நான் எப்போது படித்தாலும் அடுத்த நிறுத்தம் எது என்று பார்ப்பது போலவே படிப்பேன்.

முதல் நாலு வருஷத்தில் நாலு தரம் வீட்டை விட்டுப் போனேன். சண்டை போட்டுப் போனதில்லை. கால் அரிக்க ஆரம்பிக்கும், போவேன். நாசிக்கில் திராட்சை பேக்கிங்குக்கு இரண்டு மாதம். பண்டரிபுரம் போகிற கூட்டத்துக்குச் சமைக்க ஒரு மாதம். திரும்பி வந்தால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார். சாப்பிட்டியா என்பார், அவ்வளவுதான். சுவரில் பட்டியலைப் பார்த்தால் நான் இல்லாத மாதத்து வேலையெல்லாம் முடிந்தது கட்டத்தில் இருக்கும். நான் வீட்டில் இருந்த மாதங்களில்தான் பாக்கி விழுந்திருக்கும். அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை.

இரண்டு வருஷமாகப் பாக்கியிலேயே கிடந்தது மஞ்சள். பொங்கல் பானைக் கழுத்தில் கட்ட இலையோடு மஞ்சள் கொத்து வேண்டும். கட்கித் தமிழ்க் கடைக்கு அது லாரியில் வந்து சேர்வதற்குள் இலை கயிறாகத் திரிந்துவிடும். வீட்டு மண்ணில் விளைந்ததை ஒரு தரமாவது பச்சையாகக் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் வருஷம் தண்ணீர் தேங்கி அழுகியது. இரண்டாம் வருஷம் பெருச்சாளி தின்றது. மூன்றாம் முறையாக, மே மாதம், பக்கத்து வீட்டு மாவ்ஷி சாதாராவில் இருக்கும் அண்ணன் வயலிலிருந்து விதைக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார். மாவ்ஷி மராத்திக்காரர். எனக்குச் சித்தி முறை என்று அவரே முடிவு செய்துகொண்டவர். மூன்று சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி நானே நட்டேன்.

அந்த வருஷம் எனக்கும் ஒரு குறி இருந்தது. பட்டியலில் எழுதவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. பன்னிரண்டு தாளையும் இந்த ஆணியிலேயே பார்த்துவிடுவது. அவருடைய மஞ்சளை அவருடைய பானையில் நான் என் கையால் கட்டுவது.

மழைக்காலம் வரை சுலபமாகத்தான் இருந்தது. நானே கூரை ஏறித் தார் ஷீட் ஒட்டினேன். மஞ்சள் இடுப்பளவு வந்து பின்பக்கம் முழுக்க வாழைத்தோப்பு போல நின்றது. ஆனால் தீபாவளி முடிந்து காற்று மாறியதும் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. ரயில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிற்பேன். எத்தனை பெட்டி என்று எண்ணுவேன். உப்புப் போட மறப்பேன்.

அப்போதுதான் போன் வந்தது. யாத்திரை பஸ்ஸில் சமைக்கிற தலைமைச் சமையல்காரர். எல்லோரும் மகராஜ் என்று கூப்பிடுவோம். உஜ்ஜைன், பிரயாகை, காசி, கயா, பூரி, அங்கிருந்து ராமேஸ்வரம். சங்கராந்தி கழித்துத்தான் திரும்புவது. சப்பாத்திக்கு ஆள் வேண்டும் என்றார். அவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

வேலை விட்டு வந்தவரிடம் சொன்னேன்.

"எப்போ?"

"இன்னும் பன்னெண்டு நாள்ல."

"ம்." பட்டியலைப் பார்த்தார். "வடக்கே தண்டி ஜாஸ்தி இர்க்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ."

அந்த 'ம்'தான் என்னைக் குடைந்தது. ஏன் போகிறாய் என்று கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். இந்த முறை ஒரு பாக்கியும் வைக்காமல் போவது என்று முடிவு செய்தேன். பட்டியலில் கோதடி தைக்கிற வேலை ஒன்று இருந்தது, பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற போர்வை. எனக்குப் பழைய புடவை என்று எதுவும் இருந்ததில்லை. எந்தப் புடவையும் என்னோடு பழசாகும் வரை தங்கியதில்லை. மாவ்ஷி தன்னுடையதில் நாலு கொடுத்தார். விரல் முழுக்க ஊசிக் குத்தோடு நாலே நாளில் தைத்து முடித்தேன். டிரம்முக்கு மூடி போட்டேன். அடுப்படிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஒவ்வொன்றாக முடிந்தது கட்டத்தில் குறி போட்டேன். மிஞ்சியது ஒன்றுதான். மஞ்சள், பொங்கல்.

நட்டு ஆறு மாதம் ஆகப்போகிறது, இலை இவ்வளவு உயரம் இருக்கிறது, அடியில் ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். தோண்டி, வேரோடு ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போனால் பொங்கல் வரை தாங்கும், அவரே எடுத்துக் கட்டிக்கொள்வார். பயிர் வைக்கிற எவரும் இப்படி யோசிக்க மாட்டார்கள். நான் ஒரு இடத்தில் நின்று எதையும் வளர்த்தவள் இல்லையே. எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்றுதான் எனக்குத் தெரியும்.

முதல் சாக்கைக் கிழித்துக் கொட்டினேன். தண்டடியில் சுண்டுவிரல் பருமனுக்கு நாலைந்து கிழங்கு. ஒன்றை ஒடித்தேன். உள்ளே வெளிர் நிறம், தண்ணீர்தான் வந்தது. வாசனையும் ஏறவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததில் நன்றாக இருக்கும் என்று இரண்டாவது சாக்கையும் கிழித்தேன். அதிலும் அதேதான்.

மாவ்ஷி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கொதிக்கிற சோற்றைப் பாதியில் வடித்தது போல் இருக்கிறது என்று மராத்தியில் திட்டினார். இலை தானாகச் சாயத் தொடங்கும் வரை எங்கள் ஊரில் மண்ணில் கை வைக்க மாட்டோம் என்றார். பிறகு, கொடு, ஊறுகாயாவது போடுகிறேன் என்று ஒரு தட்டை நீட்டினார்.

மூன்றாவது சாக்கின் முன்னால் அரிவாளோடு உட்கார்ந்திருந்தபோது அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கிழங்கை எடுத்து, லேத்தில் கடைந்த சாமானைப் பார்ப்பது போல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"மஞ்சள். முடிஞ்சிருச்சு. டிக் போட்டுட்டேன்."

"ரிஜெக்ட்."

"என்னது?"

"மார்ச் மாசம் கணக்கு முடிக்கற டைம் வந்தா எங்க செக்‌ஷன்ல இதே வேலைதான் பண்ணுவானுங்க. அரைகுறையா கடைஞ்சத பூரா முடிச்சிட்டேன்னு எழுதுவான். மால் வெளிய போவும், நாலே நாள்ல திரும்பி வரும். இந்த மஞ்சளும் வந்துர்ச்சி பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் எங்கிருந்தோ கோபம் வந்தது.

"நீங்க இந்த லிஸ்ட் எழுதுறதே என்னைக் கட்டிப்போடத்தானே? மாசம் தவறாம ஒரு வேலை. ஒரு மாசமாவது காலியா விட்டிருக்கீங்களா? நான் ஆடா மாடா, முளை அடிச்சுக் கட்டுறதுக்கு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். கிழங்கை மாவ்ஷியின் தட்டில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அரே, உனக்காக யார் எழுதுனாங்க? அது எனக்கு."

"உங்களுக்கா?"

"நீ எந்த மாசம் கெளம்புவேன்னு எனக்குத் தெரியாதில்ல. அதான் மாசத்துக்கு ஒண்ணு. நீ பூட்டா அந்த மாசத்துல நான் இன்னா பண்றது, சொல்லு? சுவத்தப் பாத்துக்கினு ஒக்காருவனா? கீலுக்கு எண்ண உடுவேன், டிரம்முக்கு மூடி போடுவேன். நீ இர்ந்தா பேசிக்கினே பொழுது பூடும், வேலை பாக்கி வுழும். பாக்கி வுழுந்தா எனக்கு குஷி."

மாவ்ஷிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

நான் அரிவாளைக் கீழே வைத்தேன். சுவரில் இருந்த பட்டியலை எழுந்து போய்ப் பார்த்தேன். இந்தச் சில நாளில் நான் போட்ட குறிகள் வரிசையாக இருந்தன. நான் போன பிறகு செய்வதற்கென்று அவர் வைத்திருந்த வேலைகள் எல்லாவற்றையும் நானே முடித்துத் தொலைத்திருந்தேன். நான் போனால் அவருக்கு அந்த வீட்டில் செய்வதற்கு இனி ஒன்றுமே இல்லை. ஒரு சாக்கு மஞ்சள் தவிர.

மகராஜுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். நன்றாகத் திட்டினார். வாக்கு கொடுத்துவிட்டு மாறுகிற ஆளை யார் சேர்ப்பார்கள் என்றார். திட்டி முடித்து, சிவராத்திரிக்கு இன்னொரு பஸ் இருக்கிறது, இருபத்தைந்து நாள், அதற்காவது வருவாயா என்றும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பஸ் கிளம்பிய அன்று காலையில் கடைக்கென்று போய்க் கட்கி ஸ்டேஷன் பாலத்தில் நின்றேன். லோணாவளா லோக்கல் ரயில் வந்தது, போனது. அதற்குப் பிறகு பல நாள் அப்படி நின்றேன். பச்சை மிளகாய் வாங்கப் போனேன் என்று வீட்டில் சொல்வேன். வீட்டில் மிளகாய் குவிந்துவிட்டது. அவர் ஒருநாள் கூடையை எட்டிப் பார்த்தார். "ஊறுகாய் போட்டுடலாம், நல்லா வரும்" என்றார். ஒரு வீட்டில் சும்மா இருப்பது பிளாட்பாரத்தில் படுப்பதைவிடக் கஷ்டம் என்பதை பொங்கல் வரைக்குமான அந்த ஏழு வாரத்தில்தான் அறிந்தேன். கால் நடக்காவிட்டால் கை நடந்தது. பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி அடுக்கினேன். டிசம்பர் தாளைப் புரட்டியபோது அதில் ஒரு மலையும் ஒரு ஏரியும் இருந்தன. பெரிதாக ஒன்றும் இல்லை.

பொங்கலன்று காலையில் மூன்றாவது சாக்கைத் தோண்டினேன். இலை ஓரம் மஞ்சளாகி லேசாகச் சாய்ந்திருந்தது. கிழங்கு கட்டைவிரல் பருமன். ஒடித்ததும் அந்த வாசனை கையில் ஏறிக்கொண்டது, நாலு நாள் போகவில்லை. பின்பக்கம் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, பானைக் கழுத்தில் இலையோடு கட்டினேன். பால் பொங்கும்போது ஒரு இலை நுனி கருகியது.

"பாஸ்" என்றார்.

புதுக் காலண்டர் ஆணியில் தொங்கியது. பக்கத்தில் அவருடைய புதுப் பட்டியல் இன்னும் வரவில்லை. கோடு போட்டு வைத்திருந்தார், எழுதவில்லை. மாட்டுப் பொங்கலன்று பென்சிலை என்னிடம் கொடுத்து, இந்தத் தரம் நீயே எழுது என்றார். எலுமிச்சை, கூரை, திரும்பவும் மே மாதம் மஞ்சள், ஆறு சாக்கு. எனக்குத் தெரிந்த கோணல் எழுத்தில் அவர் படிக்கிற இந்தியிலேயே எழுதினேன். பிப்ரவரிக் கட்டத்தில் வந்து நின்றேன். சிவராத்திரி பஸ், இருபத்தைந்து நாள் என்று எழுதினேன்.

அவர் குனிந்து படித்தார். இரண்டு தரம் படித்தார்.

"இதுக்கு முடிஞ்சதுன்னு யார் போடறது?"

"நீங்க கை வைக்கக் கூடாது. நான் வந்து போடுவேன்."

"வரலன்னா பாக்கியா?"

"பாக்கி விழுந்தா உங்களுக்குக் குஷிதானே?"

"இந்தக் கட்டத்துக்கு இல்ல" என்றார்.

பிப்ரவரியில் கோதடியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். திராட்சைக்குப் போனபோதும் பண்டரிபுரம் போனபோதும் நான் திரும்பி வருகிற நாள் எனக்கே தெரியாது. இந்த முறை தெரியும். பஸ்ஸில் இருந்து பார்த்தால் ஊர்கள் முன்பு போலவே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கயாவில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவர் கட்டத்தில் கை வைத்திருப்பாரோ என்று ஒரு யோசனை ஓடியது. வைத்திருக்கவில்லை. வந்த அன்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பென்சிலைத் தேடி எடுத்து நானே குறி போட்டேன். அவர் சாப்பிட்டியா என்றார்.