பத்துக்கு மூன்று வாங்கிய முதலாளி

டெல்லியில் முதலாளி வேஷம் போடுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, இரண்டு வேளை சாயாவும் அளவில்லாத விமர்சனமும் உண்டு.

போகல் பக்கம் ஒரு சந்தில், தையற்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி மையம். கையில் காசும் சிபாரிசும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கம்ப்யூட்டர், ஆங்கிலம், கவுன்ட்டரில் நின்று பேசும் விதம் எல்லாம் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்புவார்கள். நிஜ இன்டர்வியூவுக்கு முன்னால் பத்து, இருபது பொய் இன்டர்வியூ நடக்கும். அதில் கம்பெனி அதிகாரியாக உட்காருகிறவள் நான். மீதி நேரத்தில் எம்.ஏ. படிக்கிறேன். நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பி, யாருக்காகக் கேட்டோமோ அவர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

மேனேஜர் மூஞ்சி

நான் முதல்முதலாக அங்கே போனது தொழிலாளர் உரிமைகளைப் பற்றி உரையாற்ற. பதினான்கு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் மரியாதையாகக் குறிப்பெடுத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உழைப்பைச் சுரண்டுகிறவர்களைப் பற்றி நான் மேசையைத் தட்டிப் பேசிய இடத்தில், மையத்தை நடத்தும் சுஷ்மா தீதி எழுந்து வந்து என் கையிலிருந்த காகிதங்களை மெதுவாக வாங்கி மடித்தார்.

தீதி என்றால் அக்கா. அவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அச்சா மகளே, எல்லாம் சரி. ஆனா இப்படி ஒரு மேனேஜர் மூஞ்சியை நான் ரெண்டு வருஷமா தேடிட்டு இருக்கேன். அந்த நாற்காலியில உட்காரு."

பிங்க் சீட்டு

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொய் இன்டர்வியூ முடிந்ததும் அதிகாரி பிள்ளைக்கு மார்க் போடுவார். பிள்ளையும் ஒரு பிங்க் சீட்டை எடுத்து அதிகாரிக்கு மார்க் போட வேண்டும். தன் பெயரைச் சொன்னாரா, முகத்தைப் பார்த்தாரா, பதில் முடியும்வரை காத்திருந்தாரா என்று பார்த்துப் பத்துக்கு இத்தனை. நாற்காலியில் இருக்கிறவரும் மனிதர்தான் என்று தெரிந்துவிட்டால் பாதி நடுக்கம் போய்விடும் என்பது தீதியின் கணக்கு. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைப் பார்த்ததில்லை.

எனக்கு முதல் சீட்டு எழுதியவள் அந்தக் கடிகாரப் பெண். பெயர் மேனகா, வயது இருபது. மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அம்மா ஜங்புராவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். மேனகா மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவள், அதனால் என்னோடு மட்டும் தமிழில் பேசுவாள். அவளிடம் பதினைந்து கேள்விகள் கேட்டேன். பிரமாதமாக நடத்தினேன் என்று நினைத்தேன். சீட்டில் பத்துக்கு மூன்று. எதற்கு என்று நான் சண்டைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில்கூட நான் மூன்று வாங்கியதில்லை.

அவள் பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "கேள்வியும் நீங்களே கேக்கறீங்க, பதிலும் நீங்களே சொல்றீங்கக்கா. வேலை உங்களுக்குத்தான் கிடைக்கும்."

மூன்றாவது தாமதம்

அப்புறம் கேம்ப் இடிபட்டது. சிலருக்கு நரேலாவில் வீடு என்றார்கள், சிலருக்கு அதுவும் இல்லை என்றார்கள். மேனகா வீட்டுக்கு நரேலா. டெல்லியின் வடக்கு விளிம்பில் வீட்டைக் கொடுத்துவிட்டு, நாங்கள் கொடுத்துவிட்டோமே என்று பேசுகிறவர்களோடு நான் பஸ்ஸில், கேன்டீனில், கல்யாண வீட்டில்கூட வாதாடியிருக்கிறேன். நான்கு வீட்டு வேலைக்குத் தினமும் அத்தனை தூரம் அம்மாவால் வந்து போக முடியவில்லை. நான்கும் போயின. இனி அந்த வீட்டில் சம்பளம் என்று ஒன்று வந்தால் அது மேனகாவின் மூலம்தான் வர வேண்டும்.

மையத்தின் சட்டமோ கறார். மூன்று முறை தாமதமாக வந்தால் வேலைக்கு அனுப்பும் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இரண்டு பஸ், ஒரு மெட்ரோ பிடித்து வந்த மேனகா முதல் வாரத்திலேயே இரண்டு முறை தாமதம். நான் தீதியின் அறைக்குப் போய் முக்கால் மணி நேரம் பேசினேன். சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். தீதி, "கம்பெனி விதியை மாத்தாது. நானும் மாத்த மாட்டேன்" என்றார். கோபத்தோடு வெளியே வந்தால் வாசலில் மேனகா, தீதியிடம் பாடம் கேட்க நோட்டோடு காத்திருக்கிறாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

"இந்த முக்கால் மணி நேரத்துல எனக்கு எக்செல்ல ஒரு பாடம் முடிஞ்சிருக்கும்கா."

ஏழு மணிக் கதவு

மையம் ஒன்பதரைக்குத் திறக்கும். ஒருநாள் நூலகத்துக்குப் போகும் வழியில் மாடிப்படியில் மறந்துவிட்ட என் குடையை எடுக்கக் காலை ஏழேகாலுக்கே அங்கே போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே தீதியும் மேனகாவும் ஒரே டப்பாவிலிருந்து முள்ளங்கி வைத்த மூலிப் பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி பஸ்ஸில் வந்தால் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் மேனகா விடியற்காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறாள். இறங்கிய பிறகு ரோட்டில் நிற்க வேண்டாம் என்று தீதி ஏழு மணிக்குச் சாவியோடு வருகிறார். இது மூன்று வாரமாக நடக்கிறது. இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது தாமதம் கடைசிவரை வரவே இல்லை.

எனக்கு அந்த இடத்திலும் வாயை மூடத் தெரியவில்லை. "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே தீதி?" என்றேன்.

தீதி பராத்தாவில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்: "விதியைத்தான் மாத்த மாட்டேன்னு சொன்னேன். கதவைச் சீக்கிரம் திறக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

வீட்டில் ஒரு கருத்து

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு மத்திய அரசில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர் என் அப்பா. மையம் கொடுக்கும் இந்தச் சர்டிபிகேட்டெல்லாம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்பது அவர் கட்சி. சுவரே இல்லாமல் போனவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள் என்பது என் கட்சி. அன்று இட்லி ஆறும்வரை விவாதம் நடந்தது.

அப்பா தட்டை நகர்த்திவிட்டு முடித்துவைத்தார்: "முதல்ல உனக்கு ஒரு நிஜ இன்டர்வியூ வரட்டும்மா, அப்புறம் பேசலாம்."

நிஜ நாற்காலி

மேனகாவுக்கு நிஜ இன்டர்வியூ வந்தது. தெற்கு டெல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், முன் கவுன்ட்டர் வேலை. நான் கூடப் போய் எதிரே சாயாக் கடையில் உட்கார்ந்தேன். அரை மணியில் அவள் வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கேள்விகளுக்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அதிகாரி அம்மாள் ஒரு காகிதத்தை நகர்த்தி, போன் நம்பரை எழுதிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காகிதம் பிங்க் நிறமாக இருந்து தொலைத்திருக்கிறது. இருபது முறை பழகிய கை. நம்பரை எழுதியது, அதோடு நிற்கவில்லை. 'பெயர் சொல்லவில்லை. போனை இரண்டு முறை பார்த்தீர்கள். உட்காரச் சொன்னீர்கள், நன்றி. பத்துக்கு ஆறு' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். படி இறங்கும்போதுதான் உறைத்திருக்கிறது.

"அம்மாகிட்ட என்னக்கா சொல்லுவேன்?" என்றாள். நான் எழுந்துவிட்டேன். உள்ளே போய், இது எங்கள் பயிற்சி முறை, இதில் தவறு என்ன இருக்கிறது, உண்மையில் எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று விளக்குவதாகத் திட்டம்.

மேனகா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்: "வேணாம்கா. நீங்க பேசினா அவங்க போலீஸைக் கூப்பிடுவாங்க."

பதில்

நான்கு நாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து தகவலே இல்லை. மேனகா வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்தாள், எக்செல் போட்டாள். ஐந்தாம் நாள் அந்த அதிகாரி தீதிக்குப் போன் செய்தார். தீதி ஸ்பீக்கரில் போட்டார். பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள், பெரியவர்களுக்கு மார்க் போடவா என்று ஆரம்பித்து அதிகாரி நிறைய நேரம் திட்டினார். நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். தீதி இரண்டு முறையும் என் கையில் பிஸ்கட்டைத் திணித்தார். மேனகா சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு அந்தக் குரல் கொஞ்சம் இறங்கியது. என் கவுன்ட்டரில் நான்கு பேர் இருக்கிறார்கள், எதிரே நிற்கும் நோயாளி மயங்கி விழுந்தால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள், இந்தப் பெண்ணை அனுப்புங்கள், காலை ஆறரைக்கு ஷிப்ட் என்றார்.

ஆறரை! நரேலாவிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நடக்காது. வேலை கிடைத்த அதே வாக்கியத்தில் போயும்விட்டது. நான் மனதில் ஆறு வாதங்களை வரிசைப்படுத்தினேன். அதற்குள் மேனகா போனருகே வந்துவிட்டாள். எந்த வாதமும் செய்யவில்லை. "மேடம், உங்க ரோஹிணி கிளையில கவுன்ட்டர் காலியா இருக்கா? அங்கேன்னா நான் ஆறு மணிக்கே வந்துடுவேன்" என்று இந்தியில் ஒரே ஒரு கேள்வி. இன்டர்வியூவன்று சுவரில் ஒட்டியிருந்த கிளைப் பட்டியலைப் படித்து வைத்திருந்தாளாம், அதில் நரேலாவுக்குப் பக்கம் ரோஹிணிதானாம். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். கடைசியில் அதிகாரி சொன்னார்:

"திங்கட்கிழமையிலிருந்து ரோஹிணி. இன்னொன்று, நான் போனைப் பார்த்தது இரண்டு முறை இல்லை, மூன்று முறை."

தீதி அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கினார். மேனகா அம்மாவுக்குப் போன் போட்டு, "வேலைம்மா, வேலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை

மேனகாவுக்கு ஞாயிறு விடுமுறை. அன்று அத்தனை தூரம் வந்து புதுப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ எடுக்கிறாள். பெயரைச் சொல்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள், பதில் முடியும்வரை காத்திருக்கிறாள். அவளுக்கு ஒன்பதுக்குக் கீழே சீட்டு வந்ததில்லை. போன ஞாயிறு பிள்ளைகள் குறைவு, எம்.ஏ. முடியப்போகிறதே என்று எதிர் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள். நான் சமூக அமைப்பில் தொடங்கி நாற்பது நிமிடம் சொன்னேன். ஒரு தடவைகூட அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் நிதானமாகக் கேட்டாள்: "எல்லாம் உண்மைதான்கா, ஆனா நீங்க யாருன்னு இன்னும் சொல்லலியே?"

ஆக, ஒரு மாடி நிறையப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய முதலாளி நான், இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் பிங்க் சீட்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.