தொட்டிக்குள் நிற்கிறவர்

ராணிப்பேட்டையில் நான் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, குரல் மட்டும் ஷெட் முழுக்கக் கேட்கும். அவருடைய கணவர் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்துப்போனவர். டீ குடித்தால் கடைசி வாயைத் தொட்டியோரம் ஊற்றுவார் அக்கா. "எங்க வூட்டுக்காரர் உள்ளதான் நிக்கிறாரு. எறங்கினா கால புடிச்சு இழுத்துடுவாரு" என்று புது ஆட்களிடம் சொல்வார்.

ஒருநாள் சூப்பர்வைசர் கத்தினார்: "பேய்க்கதைய நிறுத்தும்மா! ஒருத்தனும் தொட்டில எறங்க மாட்டேன்றான்."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். உள்ள வெஷ கேஸ் இருக்குதுன்னு கத்தினேன், எவன் கேட்டான்? பேய்னாதான் பயப்படறானுங்க."

சூப்பர்வைசர் போனதும், "நெஜமாவே நிக்கிறாராக்கா?" என்றேன்.

"இன்னா, எறங்கிப் பாக்கப் போறியா?"

ஆனால் ஆள் இல்லாத நேரத்திலும் அக்கா தொட்டியோரம் டீ ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.