ராகுகாலத்தில் பூசின ஓயில்

எனக்குக் கொதி வந்தால் கை சும்மா இராது. இந்தத் தொழிலும் ஒரு கொதியிலதான் தொடங்கினது. அதை ஒளிக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை.

எங்கட குசினிக் கதவைத் திறந்தால் பின்பக்கம் ஒரு மர டெக், பலகை அடிச்ச திறந்த திண்ணை. மெல்பேர்னில வீடு வாங்கேக்க அந்த டெக்கைப் பார்த்துத்தான் நான் ஓம் எண்டனான். வெயிலும் மழையும் பட்டு அது சாம்பல் நிறமாப் போச்சுது. கழுவி ஓயில் பூசித் தாறன் எண்டு ஒருத்தன் வந்தான். தண்ணியை விசையோட பீச்சுற பிறஷர் வோஷரைக் கொண்டுவந்து, சேறு பிடிச்ச லொறியைக் கழுவுற மாதிரி, முழு வேகத்தில அடிச்சான் பாருங்கோ! பலகையெல்லாம் தும்பு தும்பா எழும்பி நிண்டது. வெறுங்காலோட நடந்தால் சிலாம்பு ஏறும். கேட்டதுக்கு, மரமெண்டால் உப்பிடித்தான் இருக்கும் எண்டான். அவனைக் கேற்றடி மட்டும் பேசிப் பேசியே கொண்டுபோய் விட்டனான்.

என்ர மனுசன் பஸ் ஓடுறவர். பொறுமை எண்டால் அப்பிடி ஒரு பொறுமை. அண்டைக்குக் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, "இவ்வளவு கதைக்கிறீர், அப்ப நீரே செய்யுமன்" எண்டார். பகிடிக்குத்தான் சொன்னவர். நான் அதைப் பகிடியா எடுக்கேல்லை.

முழங்காலில நிண்டு, ஒவ்வொரு பலகையா, மரத்தின்ர வரி போற பக்கத்துக்கே சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சன். ஓயில் ரின்னில எழுதியிருந்ததை மருந்துப் போத்தில் வாசிக்கிற கவனத்தோட வாசிச்சன். தண்ணித் துளி ரெண்டு தெளிச்சுப் பார்க்கவேணும். மரம் அதைக் குடிச்சால் ஓயிலையும் குடிக்கும். மெல்லிசாப் பூசவேணும். குடிக்காமல் மிஞ்சினதைத் துணியால ஒத்தி எடுக்கவேணும். அந்தத் துணியைக் குப்பையில சுருட்டிப் போடக்கூடாது, தானாத் தீப்பிடிக்கும். தண்ணி வாளியில ஊறப்போடவேணும். இதெல்லாம் எனக்குப் பிடிச்சுது. முடிய, டெக் தேன் நிறத்தில கிடந்தது. மனுசன் செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறி நடந்து பார்த்திட்டு, "திறம்" எண்டார். அந்தாள் வாயால திறம் எண்டு வாறது லேசில்லை.

நான் அப்ப ஒரு முதியோர் இல்லத்தில லோன்றி வேலை. கனகாலமா மற்ற ஆக்களின்ர பெட்சீற் தோய்ச்ச கை இது. அந்த லோன்றியை மூடி, தோய்க்கிறதை வெளியில குடுக்கப்போறம் எண்டிச்சினம். வேற ஒரு இல்லத்தில இடம் இருக்கு, விருப்பமெண்டால் அங்க வாரும் எண்டும் சொல்லிச்சினம். நான் வீட்டை வந்து மனுசனிட்டச் சொன்னன்: "இஞ்சேருங்கோ, நான் டெக் கழுவுற பிஸ்னஸ் தொடங்கப்போறன். முதல் வேலை பிழைச்சுதெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு லோன்றிக்குப் போறன். பிழைக்காட்டி ஒருத்தரும் என்னை மறிக்கக்கூடாது." மனுசன், "உம்மை ஆர் இவ்வளவு நாளும் மறிச்சது?" எண்டு கேட்டார்.

மெஷின் வாங்கின உடன அதைத் த பேசின் எண்ட ஊரில இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோகவேணும் எண்டு நிண்டது அவர்தான். கார் வாங்கினால் கொண்டுபோறம்தானே, இதுவும் சில்லு வைச்சதுதானே எண்டு நியாயம் வேற. ஐயர் காரைத் தேடினார். நாங்கள் பிறஷர் வோஷரை உருட்டிக்கொண்டு வந்து முன்னால விட்டம். அவர் சந்தனமும் குங்குமமும் வைச்சு, சில்லுக்குக் கீழ தேசிக்காயும் வைச்சு, "உருட்டுங்கோ" எண்டார். நான் உருட்டினன். எனக்கு அண்டைக்கு வந்த சந்தோசம் கலியாணத்தண்டு கூட வரேல்லை. மனுசனிட்டச் சொன்னன், அவரும் ஓம் எண்டார்.

சனம் சும்மா இருக்குமே? போனுக்கு மேல போன். "பொம்பிளையள் செய்யிற வேலையே உது?" எண்டு ஒரு ஆள் கேட்டா. "பெட்சீற் தோய்க்கேக்க ஒருத்தரும் உந்தக் கேள்வி கேக்கேல்லையே!" எண்டு போனை வைச்சன்.

முதல் வேலை டண்டினோங் பக்கம் இருக்கிற ஒரு அன்ரி தந்தது. அவவின்ர மகனுக்குக் கலியாணம். பொன்னுருக்கு வைக்க வீட்டுக்குள்ள இடம் காணாது, பின்னால பெரிய டெக்கில வைக்கப்போறன் எண்டா. பொன்னுருக்கெண்டால் தாலிக்குப் பொன் உருக்கிற நாள். மாப்பிள்ளை வீட்டிலதான் நடக்கும். பொம்பிளை பகுதி வரும், வந்து முகட்டிலயிருந்து மூலை வரைக்கும் பார்க்கும். அவ்வளவு பேரும் செருப்பைக் கழட்டிப்போட்டு வெறுங்காலோட என்ர வேலைக்கு மேல நடக்கப்போகினம்.

கழுவின வேலை வடிவா வந்தது. ஒரு மூலையில மட்டும் கறுப்பா ஒரு வட்டம். வேற ஆரும் வந்திருந்தால் பூஞ்சணம் எண்டிருப்பினம். நான் குனிஞ்சு மணந்து பார்த்தன். "அன்ரி, இதிலதானே காஸ் அடுப்பு வைச்சு மீன் பொரிக்கிறனீங்கள்?" எண்டன். அவ வெக்கப்பட்டு, "வீட்டுக்குள்ள பொரிச்சால் கோட்டு, ஜக்கெற் எல்லாம் மணக்கும் பிள்ளை" எண்டா. எங்கட வீட்டிலயும் உதே கதைதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓயில் இறங்காது. அந்த மூலையைச் சோடாவும் சுடுதண்ணியும் போட்டு உரஞ்சி எடுத்தன்.

ஓயில் பூசிற நாள் திங்கக்கிழமை. நேர் வெயிலில பூசக்கூடாது எண்டு ரின்னில கொட்டை எழுத்தில கிடக்கு. அதால விடியவே போய் நிண்டன். அன்ரி கலண்டரோட வந்தா. "பிள்ளை, இப்ப ராகுகாலம் வருது. அது முடிய எமகண்டம். மங்கள காரியத்துக்குச் செய்யிற வேலை."

"இடையில கொஞ்சநேரம் இருக்கே அன்ரி."

"தொடங்கிப்போட்டு எமகண்டத்தில நிப்பாட்டுறதோ? ரெண்டும் கழியட்டும். வா, வடை இருக்கு."

வெயில் ஏறும் அன்ரி எண்டு சொல்லத்தான் வாயெடுத்தன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம். முதல் வேலை. ராகுகாலத்தில தொடங்கி ஏதும் பிழைச்சுதெண்டால், ராகுகாலத்தில தொடங்கினவள் எண்ட பேர் செத்தாலும் போகாது. குசினியில இருந்து வடை சாப்பிட்டன். நல்ல வடைதான், அதையும் சொல்லவேணும்.

மத்தியானம் திரும்பித்தான் நான் பிரஷைத் தொட்டனான். மெல்பேர்ன் கோடை வெயில்! பலகை தோசைக்கல்லு. ஓயில் பட்ட உடன மேலால ஏடு பிடிச்சுது, உள்ளுக்க இறங்கேல்லை. துணியால ஒத்தினால் துணி ஒட்டுது. காத்துப் பட்டால் சரிவரும், சரிவரும் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூசி முடிச்சன். வாகனத்தில ஏறேக்கயே எனக்குத் தெரியும், சரிவராது.

அடுத்தநாள் காலமை போன். "பிள்ளை, டெக்கில கால் வைச்சனான். செருப்பு அங்கயே நிக்குது, நான் மட்டும் வந்திட்டன்."

ஓடிப்போனன். ஐயோ என்ர கடவுளே, சர்க்கரைப் பாணி ஊத்தின மாதிரிக் கிடந்தது. ரெண்டு இலையும் ஒரு கறுத்த வண்டும் ஒட்டிக்கிடந்தது. எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. அன்ரி என்ர தோளில கை வைச்சு, நல்ல மனசோடதான் சொன்னா: "கவலைப்படாத பிள்ளை. நான் காசு தருவன். கலியாண ஹோல்காரரிட்டக் கேட்டு மேல கம்பளம் விரிச்சு விடுறன். ஒருத்தருக்கும் தெரியாது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். கம்பளமோ! என்ர முதல் வேலையைக் கம்பளத்தால மூடுறதோ? செத்தவீட்டில மூடுற மாதிரி! எனக்கு வந்த கொதியில கண்ணீர் அப்பிடியே காய்ஞ்சுபோச்சுது.

"அன்ரி, கம்பளம் விரிச்சீங்களெண்டால் நான் இந்தத் தொழிலை இண்டைக்கே விட்டிட்டு லோன்றிக்குப் போறன். பொன்னுருக்கு அடுத்த கிழமை வெள்ளிதானே? எனக்கு அதுவரைக்கும் தாங்கோ. ஆனால் இந்த முறை கலண்டரைச் சுவரில விடுங்கோ."

மனுசன் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் முழங்காலில நிண்டம். டெர்ப்பன்டைன் போட்டுத் துடைச்சு, கிளீனர் போட்டு உரஞ்சி, கழுவி, காயவிட்டு, திரும்பவும் சாண்ட்பேப்பர். பஸ் ஓடுற மனுசன், முதுகு பிடிச்சுக்கொண்டு, "உம்மட கொம்பனியில எனக்கு என்ன வேலை? மனேஜரோ?" எண்டு கேட்டார். "வாயை மூடிக்கொண்டு அந்த மூலையைத் தேயுங்கோ மனேஜர்" எண்டன். இடையில மழை வேற வந்து, காய விடேல்லை. வானிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன். மழையும் இல்லாத, பலகையும் காய்ஞ்சிருக்கிற, பூசினது காய நாளும் மிஞ்சிற ஒரே ஒரு காலமைதான் இருந்தது. அதுவும் திங்கக்கிழமை.

"திரும்பவும் திங்களோ!" அன்ரி நெஞ்சில கை வைச்சா. "அதே ராகுகாலமோ!"

"அதே ராகுகாலம்தான் அன்ரி. வெயில் ஏற முதல் முடிக்கவேணும். டெக் பெரிசு, விடியத் தொடங்கினாலும் ராகுகாலத்துக்குள்ள போகும். மரத்துக்கு வெயிலைத்தான் தெரியும், ராகுவைத் தெரியாது."

அவ கலண்டரை ஒருக்காத் திரும்பிப் பார்த்தா. பிறகு, "திங்கள் விடிய நான் குளிக்கப் போயிடுவன். குளிச்சால் சாமி கும்பிடக் கனநேரம் எடுக்கும். நீ என்ன செய்யிறாய் எண்டு எனக்குத் தெரியாது" எண்டா.

திங்கள் விடிய, பலகையில கை வைச்சுப் பார்த்தன். குளிர்ச்சி. தண்ணி தெளிச்சன். மரம் மடமடவெண்டு குடிச்சுது. மெல்லிசா, வரி போற பக்கத்துக்கே, ஒரு பலகை தொடங்கினால் அந்த அந்தம் வரைக்கும் நிப்பாட்டாமல் இழுத்தன். மனுசன் பின்னால துணியால ஒத்திக்கொண்டு வந்தார். உள்ளுக்க அன்ரி தேவாரம் பாடுற சத்தம் கேட்டது. வழமைக்கு மாறாக் கொஞ்சம் பலமாத்தான் பாடினா. பயமோ, எனக்குத் துணைக்கோ தெரியாது. வெயில் மதிலைத் தாண்டி வரேக்க நான் கடைசிப் பலகையை முடிச்சு எழும்பினன். மரத்தின்ர ஒவ்வொரு வரியும் தெரிஞ்சுது. சத்தியமாச் சொல்லுறன், அப்பிடி ஒரு வடிவை நான் செய்ததெண்டு நம்பேலாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை பொன்னுருக்கு. கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு போனன். சனம் படிக்கட்டடியில செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறினது. நான் ஒருத்தற்ற முகத்தையும் பார்க்கேல்லை, காலுகளைத்தான் பார்த்தன். ஒரு காலும் ஒட்டேல்லை. பட்டுச்சேலைக் கரை வழுக்கிக்கொண்டு போச்சுது. ஒரு குழந்தை கும்பத்துத் தண்ணியைத் தட்டி ஊத்த, தண்ணி பலகையில இறங்காமல் முத்து முத்தா உருண்டு நிண்டது. எல்லாரும் ஐயோ எண்டிச்சினம், நான் மட்டும் சிரிச்சன்.

பொன் உருக்க வந்த ஆசாரியார் மண்சட்டியில நெருப்பை மூட்டி, சட்டியை நேரா டெக்கில வைக்கப்போனார். எனக்கு உயிர் போச்சுது. "பொறுங்கோ ஆசாரியார்! என்ர டெக்!" எண்டு கத்திக்கொண்டு ஓடி, பின்வளவில கிடந்த ஒரு சீமெந்துக் கல்லைத் தூக்கிவந்து சட்டிக்குக் கீழ குடுத்தன். சனம் எல்லாம் என்னைப் பார்த்தது.

பொம்பிளை பகுதியில ஒரு பெரியவர், பொம்பிளையின்ர மாமன், நல்லாக் குனிஞ்சு பலகையைத் தடவிப் பார்த்திட்டு அன்ரியைக் கேட்டார். "அருமையான வேலை. எந்தக் கொம்பனி? வெள்ளையளோ?"

அன்ரி கையை நீட்டினா. "கொம்பனி அந்தா நிக்குது, கத்தரிப்பூச் சேலையோட."

மனுசன் தூணடியில நிண்டு சிரிக்கிறார். பெரியவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, "பிள்ளை, எங்கட வீட்டிலயும் ஒரு டெக் கிடக்கு. வாற புதன் நல்ல நாள். ராகுகாலம் மத்தியானம், அது கழிய வந்து தொடங்கினியெண்டால்..." எண்டார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. திறக்க முதல் அன்ரி குறுக்க வந்திட்டா.

"அண்ணை," எண்டா, அவ்வளவு சனத்துக்கு முன்னால, "நேரத்தை அவளிட்ட விடுங்கோ. அவளுக்குத் தெரியும்."